சும்மா யாருது?

அவளுக்கு "யாருது அக்கா" என்று முதன்முதலில் பெயர் வைத்தது யார் என்று இதுவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்த ஆளின் பெயரையும் அவள் தன் நோட்டில் ஏற்றியிருப்பாள்.

அவள் பார்க்கிற வேலை அப்படி. ஆன்லைன் கடைகள் தன்னால் ஓடுகின்றன என்று நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு மண்ணும் கிடையாது. நீங்கள் சோபாவில் சாய்ந்தபடி ஒரு ஜோடிச் செருப்பு வாங்கினால், அந்தக் கடையின் கணினி அடுத்த நொடியே ஊர் முழுக்கக் கதவைத் தட்டக் கிளம்பிவிடும். பணம் வந்துவிட்டதா என்று வங்கியைக் கேட்கும், வண்டி அனுப்பு என்று கூரியர்காரனிடம் சொல்லும், வரித்துறைக்கு ஒரு வணக்கம் வைக்கும், உங்களுக்குக் குறுஞ்செய்தி போடச் சொல்லி இன்னொருவனை எழுப்பும். இப்படி வெளியாட்களின் கணினிகளோடு கடை வைத்திருக்கும் பேச்சுவார்த்தை ஒவ்வொன்றும் ஓர் இணைப்பு. எவனோ எப்போதோ போட்டது. போட்டவன் வேலையை விட்டுப் போயிருப்பான், அவனுக்குப் பின்னால் வந்தவனும் போயிருப்பான், மூன்றாவதாக வந்தவன் "அது என்னன்னு தெரியாதுங்க, தொட்டா கடை நின்னுடும்" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். அக்கா அங்கே போய் ஒரு வாரம் உட்கார்ந்து, இணைப்புகளை ஒன்று விடாமல் பிடித்து விசாரித்துவிட்டு வருவாள்.

அவளுடைய நீள நோட்டில் பக்கத்துக்கு நாலு கட்டம். பெயர் என்ன, எங்கிருந்து எங்கே போகிறது, என்ன போகிறது, யாருது. முதல் மூன்றையும் கணினியே ஒப்பித்துவிடும். நாலாவதுதான் தகராறு. "இது யாருது?" என்று அவள் கேட்டதும், அதுவரை கலகலவென்று இருந்த அலுவலகத்தில் ஆளாளுக்குத் திரையை முறைத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அவளும் லேசில் விடமாட்டாள். நாலாவது கட்டத்தில் ஓர் ஆளின் பெயர் விழாமல் நாற்காலியைவிட்டு எழுந்ததில்லை. ஒன்பது வருடத்தில் ஒரு கட்டம் காலியாகக் கிடந்ததில்லை. இதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம்.

வீட்டிலும் இதே கூத்துதான். சோபாவில் ஈரத்துண்டு கிடந்தால் "யாருது?" பாத்ரூம் விளக்கு எரிந்தால் "யாருது வேலை?" கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். முப்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவர், இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். கல்லூரியில் படிக்கும் மகளோ, கேள்வி வருவதற்கு முன்பே "என்னுது இல்ல" என்று அடுத்த அறையிலிருந்து குரல் கொடுப்பாள். இவர்கள் இருவரும் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாத குற்றம் ஒன்று உண்டு. ஃபிரிட்ஜ் தலைமேல் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு நீலக் கோப்பை முளைக்கும். அதில் பாதி டீ, மேலே ஆடை. மாதக்கணக்கில் விசாரணை நடக்கிறது, குற்றவாளி பிடிபட்டபாடில்லை.

இப்படிப்பட்டவள் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு செருப்புக் கடைக்கு வந்து சேர்ந்தாள்.

கடை என்றால் கடை இல்லை. இரண்டு மாடிக் கட்டடம், கீழே கிடங்கு, மேலே அலுவலகம், படிக்கட்டு முழுக்க ரப்பர் பசை வாசனை. முன்னொரு காலத்தில் தெருவைப் பார்த்த கடையாக இருந்து, பிறகு கதவை மூடிவிட்டு ஆன்லைனுக்கு மாறியது. முதலாளியம்மாவுக்கு அறுபது வயது, எதையும் கத்திச் சொல்லாத ஆள். இப்போது நிர்வாகத்தைக் கையில் எடுத்திருப்பவர் அவருடைய மகளின் கணவர். அலுவலகம் மொத்தமும் அவரை மாப்பிள்ளை என்றுதான் சொல்லும். மாப்பிள்ளை மூன்று மாதத்துக்கு முன் புதிதாக ஒரு சரக்குக் கணக்கு மென்பொருளைக் கொண்டுவந்து இறக்கி, அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க மேடம்," என்று சொல்லிவிட்டு மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்தார் மாப்பிள்ளை. உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரே ஒரு செருப்பு.

"இதோட ஜோடி?" என்றாள் அக்கா.

"ஜோடி கிடையாது. அதுதான் விஷயம். கஸ்டமர் திருப்பி அனுப்புற பெட்டியில சில சமயம் ஒண்ணுதான் இருக்கும், சில சமயம் ரெண்டும் இடதா இருக்கும். அதையெல்லாம் கீழே ஒரு ரேக்ல போட்டு வைப்போம். ஒத்தை ரேக்னு பேரு. மூணு மாசத்துல அந்த ரேக்லேர்ந்து எண்பத்து மூணு ஒத்தைச் செருப்பு காணோம். என் சாஃப்ட்வேர்ல பில் இல்ல, ஆர்டர் இல்ல, ஒண்ணும் இல்ல. காலையிலதான் சாம்பிளுக்கு இதை எடுத்துட்டு வந்தேன்."

"ஒத்தைச் செருப்பை யாருங்க எடுப்பாங்க?"

"கிடங்கு சாவி ஒரே ஆள்கிட்டதான் இருக்கு." மாப்பிள்ளை கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கிடங்கின் பின் கேட், பெயர் எழுதாத ஒரு வெள்ளை வேன், அதில் பெட்டி ஏற்றுகிற ஒரு கனத்த முதுகு. "இதுவும் இருக்கு. ஆனா அத்தை நம்ப மாட்டேங்கறாங்க. பத்தொன்பது வருஷமா இருக்கற ஆளாம். முதல்ல கணினி இணைப்புல கோளாறு இருக்கான்னு பாருங்கன்னாங்க. அதுக்குத்தான் நீங்க. வெள்ளிக்கிழமை பட்டியலைக் குடுங்க. இணைப்பு எல்லாம் சுத்தம்னா, அந்த ஆள் அன்னைக்கே சாவியைக் குடுத்துட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

ஆக, ஒரு மனுஷனின் பத்தொன்பது வருடம் அக்காவின் நாலாவது கட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் நோட்டைத் திறந்தாள்.

இப்போதைய புரோகிராமர் நாள் முழுக்கக் காதில் மாட்டியிருப்பதால் எல்லோருக்கும் அவர் ஹெட்போன். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் ஒரு காதை மட்டும் விடுவித்து, இணைப்புப் பட்டியலைத் திரையில் எடுத்துக் காட்டினார். பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியார், மச்சான், சம்பந்தி, கொழுந்தன், ஓரகத்தி என்று வரிசையாகப் பதினாலு.

"என்ன தம்பி, கல்யாணப் பத்திரிகையா?"

"பழைய புரோகிராமர் வச்ச பேருக்கா. கொஞ்சம் குசும்பு பிடிச்ச ஆளு. மாமியார்ங்கறது வரித்துறை. மச்சான் கூரியர். நமக்கு மாத்தி வைக்கவும் பயம்."

ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே வந்தார்கள். பதினொன்றரைக்குப் பதினாலாவது வந்தது. அதன் பெயர் சும்மா.

"இது என்ன?"

"அது சும்மாக்கா."

"பேரு எனக்கும் படிக்கத் தெரியுது. என்ன பண்ணுது?"

"சும்மா இருக்கு."

"சும்மா இருக்கறது எதுக்குத் தினமும் வெளியே மூணு வரி அனுப்புது?"

"சும்மா அனுப்புதோ என்னவோ."

"யாரு போட்டது?"

"அதே பழைய புரோகிராமர்தான்."

"எதுக்குப் போட்டாரு?"

"சும்மா போட்டிருப்பாரு."

அக்காவுக்கு மண்டை காய்ந்தது. எழுந்து நின்று அலுவலகத்தைப் பார்த்து, "சும்மா யாருது?" என்று கேட்டாள். கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பெண் நிமிர்ந்து, "சும்மாதானே கேக்கறீங்க?" என்றாள். அவ்வளவுதான், அந்த அறை விழுந்து விழுந்து சிரித்தது. மாப்பிள்ளை வேறு முதுகுக்குப் பின்னால் வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தார். இணைப்பு போய்ச் சேரும் முகவரியோ வெறும் எண்கள். பெயர் கிடையாது, முகம் கிடையாது. உரிமையாளர் இல்லாமல் கடைத் தகவல் வெளியே போகிறதென்றால் அதை ஒழுகல் என்றுதான் அவள் தொழிலில் சொல்வார்கள். ஒழுகினால் அடைக்க வேண்டும்.

நாலாவது கட்டத்தில் அவள் "யாருடையதும் இல்லை" என்று எழுதினாள். கவனித்தீர்களா? கட்டம் காலியாக இல்லை. ஆனால் பெயரும் இல்லை. ஒன்பது வருடத்தில் முதல்முறையாக நம் அக்கா ஒரு பொய்யான வேலை செய்தாள், அதையும் அழகான கையெழுத்தில் செய்தாள்.

"வெட்டிடுங்க தம்பி," என்றாள். ஹெட்போன் வெட்டினார். மணி பதினொன்று நாற்பது. நோட்டின் ஓரத்தில் அதையும் குறித்துக்கொண்டாள். நேரம் குறிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

செவ்வாய்க்கிழமை கிடங்குக்கு இறங்கினாள். கிடங்கண்ணன் என்று எல்லோரும் சொல்கிற அந்த மனிதர் ஏணியில் நின்றபடி பெட்டிகளைக் கலைத்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். அதே கனத்த முதுகு. இடுப்பில் சாவிக்கொத்து.

"அண்ணே, காணாமப் போன செருப்பைப் பத்திக் கொஞ்சம் பேசணும்."

"எதுவும் காணாமப் போகலை." அவர் திரும்பவே இல்லை.

"எண்பத்து மூணு இல்லையே."

"ஏம்மா, ஒரு விஷயம் சொல்லுங்க. திருடுறவன் ஜோடியாத் திருடுவானா, ஒத்தையாத் திருடுவானா? அந்தப் பக்கம் ஜோடி ஜோடியா நாலாயிரம் பெட்டி இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு ஒத்தை ரேக்ல போய்க் கை வைக்க எனக்கென்ன பைத்தியமா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "அப்போ அது எங்கே போச்சு?"

"அனுப்பினேன்."

"யாரு அனுப்பச் சொன்னது?"

"ஆபீஸ்லேர்ந்துதான். சும்மான்னு இருந்துச்சு, அனுப்பினேன்."

"சும்மா அனுப்பினீங்களா?"

"ஆமா, சும்மாதான் அனுப்பினேன்! இல்லைன்னா காசா கேக்க முடியும்?" கிடங்கண்ணன் ஏணியிலிருந்து இறங்கி அவளுக்கு நேரே வந்து நின்றார். மூக்கு சிவந்திருந்தது. "இங்க பாருங்கம்மா. மாப்பிள்ளை என்கிட்ட எதையும் கேக்கல. நேரா வந்து திருடன்னு பதிலைச் சொல்லிட்டுப் போயிட்டாரு. பதில் தெரிஞ்ச ஆளுக்கு நான் எதுக்கு விளக்கம் சொல்லணும்? பத்தொன்பது வருஷம் கழிச்சு நான் யோக்கியன்னு வாயால சொல்லித்தான் தெரியணும்னா, தெரியவே வேணாம். நீங்க உங்க நோட்டுல என்ன வேணும்னாலும் எழுதிக்கங்க."

அவள் எழுதினாள். எழுதாமல் இருந்திருக்கலாம். "காரணம் எதுவும் இன்றி அனுப்பியதாக அவரே ஒப்புக்கொண்டார்" என்று எழுதினாள்.

புதன்கிழமை ஒத்தை ரேக்கில் எண்ணிக்கை குறையவில்லை. வியாழக்கிழமை காலையும் குறையவில்லை. மாப்பிள்ளை துள்ளிக் குதிக்காத குறை. "பாத்தீங்களா மேடம்? ஆடிட் வந்துச்சு, திருட்டு நின்னுச்சு! நேத்து அந்த வேனும் வந்து வெறுமனே திரும்பிப் போயிருக்கு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" பைக்குள் இருந்த பழுப்புச் செருப்பை ஒரு தட்டுத் தட்டினார். முதலாளியம்மா கண்ணாடி அறையில் உட்கார்ந்து, கீழே கிடங்கின் பின் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு என்னவோ இடித்தது. பட்டியல் தயார். பதினாலு வரி, நாலு கட்டம், எல்லாம் நிரம்பியிருக்கிறது. அப்படியும் கை கையெழுத்துப் போட மாட்டேன் என்றது. சரி, கடைசியாக ஒருமுறை பெயர்களையெல்லாம் படித்துப் பார்க்கலாம் என்று ஹெட்போனின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"வரித்துறைக்கு ஏன் தம்பி மாமியார்னு பேரு?"

"எது பண்ணினாலும் ஏன் பண்ணினே, எப்போ பண்ணினேன்னு கேக்குமேக்கா."

"கூரியருக்கு ஏன் மச்சான்?"

"வரேன்னு சொல்லும். வந்தாதான் நிஜம்."

"சம்பந்தி?"

"பெரிய கம்பெனிக்காரங்க. ரொம்ப மரியாதையாப் பேசணும், ஒரு எழுத்து தப்பினாலும் கோவிச்சுக்கிட்டுத் திருப்பி அனுப்பிடுவாங்க."

பதிமூன்றுக்கும் ஹெட்போன் காரணம் சொன்னார். அத்தனையும் கச்சிதம். அக்கா பேனாவை மூடினாள். இவ்வளவு யோசித்துப் பெயர் வைக்கிற ஒருவன், பதினாலாவதுக்கு மட்டும் பெயர் கிடைக்காமல் சும்மா சும்மா என்று வைப்பானா? படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக இறங்கினாள். நாற்பத்தாறு வயதில் செய்யக்கூடாத காரியம்தான்.

கிடங்கண்ணன் இன்னும் தேடிக்கொண்டுதான் இருந்தார்.

"அண்ணே, செவ்வாய்க்கிழமை நான் தப்பாக் கேட்டுட்டேன். இப்போ ஒழுங்காக் கேக்கறேன். ஒத்தைச் செருப்பை எப்படி அனுப்புவீங்க? முதல்லேர்ந்து சொல்லுங்க."

கேள்வி என்றால் இதுதான் கேள்வி. அந்த மனிதர் நாலு நாளாக இதற்குத்தான் காத்திருந்திருக்கிறார். மூலையில் இருந்த சின்னப் பிரின்டரைக் காட்டினார். "இதுல சீட்டு வரும். இடதா வலதா, என்ன நம்பர், யாருக்குன்னு இருக்கும். சீட்டைப் பெட்டி மேல ஒட்டி வச்சுடுவேன். புதன், சனி அவங்க வேன் வந்து எடுத்துட்டுப் போகும். ஏழு வருஷமா இதான். இப்போ சீட்டையும் நிறுத்திட்டாங்க, திருடன்னும் சொல்றாங்க."

"சீட்டு எப்போ நின்னுச்சு?"

"திங்கக்கிழமை. கடைசியா ஒண்ணு வந்துச்சு, அதுக்கான செருப்பு ரேக்ல இல்ல. அன்னையிலேர்ந்து அதைத்தான் தேடறேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார்.

சீட்டின் மேலே அச்சான நேரம் பதினொன்று முப்பத்தெட்டு. இடது. எட்டாம் நம்பர். பழுப்பு. கீழே பெறுகிறவர் பெயர், செயற்கைக்கால் செய்யும் கூடத்தின் முகவரி, போன் எண். அதற்கும் கீழே, விலை என்று போட்ட இடத்தில் ஒரே ஒரு சொல்.

சும்மா.

அக்கா அங்கே கிடந்த பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். சும்மா என்றால் வெட்டி என்றும் சொல்லலாம், வேலையில்லாமல் கிடக்கிறது என்றும் சொல்லலாம். காசு வாங்காமல் கொடுப்பதையும் நாம் சும்மா கொடுத்தான் என்றுதானே சொல்கிறோம்! பிறந்ததிலிருந்து பேசுகிற பாஷை. மூன்று எழுத்து. அதைப் படிக்கத் தெரியாமல், அவள் திங்கட்கிழமை இணைப்பை வெட்டி, செவ்வாய்க்கிழமை இந்த மனிதர் தமிழில் தெளிவாகச் சொன்னதையும் தலைகீழாக எழுதி வைத்திருக்கிறாள். புதனும் வியாழனும் ரேக்கில் எதுவும் குறையாமல் போனதற்கு அவளே காரணம். மாப்பிள்ளையின் கையில் இருக்கும் புது ஆதாரம் முழுக்க அவள் செய்து கொடுத்தது.

சீட்டில் இருந்த எண்ணுக்கு அங்கேயே போன் போட்டாள். எடுத்த பெண்ணின் குரல் படபடவென்று இருந்தது.

"செருப்புக் கடையா? அப்பாடா! என்ன ஆச்சு உங்களுக்கு? திங்கக்கிழமையிலேர்ந்து உங்க கம்ப்யூட்டர் வாயே திறக்கல. புதன்கிழமை வேனும் சும்மா திரும்பி வந்துச்சு."

"எதுக்குங்க உங்களுக்கு ஒத்தைச் செருப்பு?"

"நாங்க செய்யற காலுக்கும் அவங்க சொந்தக் காலுக்கும் ஒரே அளவு அமையாதுங்க. ஒரு பக்கம் எட்டு, ஒரு பக்கம் ஒன்பதுன்னு இருக்கும். சில பேருக்கு ஒரு கால்தான், கட்டையை ஊணிக்கிட்டு நடப்பாங்க. கடையில யாரு ஒத்தையா விக்கறாங்க? ரெண்டு ஜோடி வாங்கி ரெண்டைத் தூக்கிப் போடணும். உங்க ரேக்ல என்ன இருக்குன்னு எங்களுக்கு வரும், பொருந்தற ஆளைப் பாத்து நாங்க சீட்டு அனுப்புவோம். இப்போ பதினோரு சீட்டு போகாம நிக்குது. அந்த இடது எட்டு வந்துடுச்சுன்னா நல்லா இருக்கும். அவரு தையல்காரர், மெஷினை மிதிக்கணும், தினம் வந்து கேட்டுட்டுப் போறாரு."

அக்கா போனை வைத்தாள். கிடங்கண்ணன், "தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டார். இந்த மனிதரைத்தான் அவள் நோட்டில் திருடனாக்கி வைத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால், ஃபிரிட்ஜ் தலைமேல் நீலக் கோப்பை. கணவர் தயாராகச் செய்தித்தாளைத் தூக்கினார். மகள் உள்ளேயிருந்து "என்னுது இல்ல" என்றாள். அக்கா கோப்பையை எடுத்துப் பார்த்தாள். காலையில் அவசரமாகப் பையைத் தேடும்போது கையில் இருப்பதை எங்கே வைக்கிறோம் என்று முதல்முறையாக யோசித்துப் பார்த்தாள்.

"இது என்னுது," என்றாள்.

செய்தித்தாள் கீழே இறங்கியது. மகள் அறையைவிட்டு வெளியே வந்தாள். "அம்மா, உடம்புக்கு ஏதாவது முடியலையா?"

"ஏங்க, ஒன்பது வருஷமா ஒரு தப்பும் பண்ணாதவ நான். நாளைக்கு நாலு பேருக்கு முன்னால அதைச் சொல்லப்போறேன்."

"எதை? தப்பே பண்ணலைன்னா?"

"இல்லைங்க. பண்ணிட்டேன்னு."

கணக்கு வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். "சொல்லாம இருந்தா?"

இணைப்பை ஓசைப்படாமல் திரும்பப் போட்டுவிடலாம், ஒருவருக்கும் தெரியாது. ஆனால் சனிக்கிழமை வேன் வரும், ரேக்கில் குறையும், ஆடிட் முடிந்ததும் திருட்டு மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று மாப்பிள்ளை ஊரைக் கூட்டுவார். நடுவில் மூன்று நாள் ஏன் நின்றது என்பதைச் சொல்லாமல் கிடங்கண்ணனைக் காப்பாற்ற வழியில்லை. இதைக் கணவரிடம் விளக்கியபோது அவர், "அப்போ சொல்லித்தான் ஆகணும்," என்று கோப்பையை வாங்கிக் கழுவி வைத்தார். அந்த வீட்டில் அதுவே பெரிய அதிசயம்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கண்ணாடி அறையில் எல்லோரும் கூடினார்கள். முதலாளியம்மா, மாப்பிள்ளை, ஹெட்போன், அக்கா. கிடங்கண்ணன் கடைசியாக வந்தார். எவரும் கேட்பதற்கு முன்பே இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றி மேசை நடுவில் வைத்துவிட்டு, உட்காராமல் சுவரோரமாக நின்றார். மாப்பிள்ளை அதன் பக்கத்தில் பழுப்புச் செருப்பைப் பையோடு வைத்தார்.

"படிங்க மேடம்."

அக்கா நோட்டைத் திறந்தாள். கனைத்துக்கொண்டாள். "பதிமூணு இணைப்பு ஒழுங்கா இருக்கு. பதினாலாவது பேரு சும்மா. அதைத் திங்கக்கிழமை பதினொண்ணு நாப்பதுக்கு வெட்டச் சொன்னேன். யாருதுன்னு கண்டுபிடிக்காம வெட்டினேன். தப்பு யாருதுன்னு கேட்டா, என்னுது. இந்தாங்க, எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கேன். இந்த மூணு நாளா ரேக்ல குறையலைன்னா, அது திருட்டு நின்னதால இல்ல. நான் வெட்டினதால."

சீட்டை மேசையில் வைத்து, கூடத்துப் பெண் சொன்னதையும் சொல்லி முடித்தாள்.

"இருங்க, இருங்க," என்றார் மாப்பிள்ளை. "யாரைக் கேட்டு இப்படி ஓசியில குடுக்கறாங்க? அனுமதி யாரு குடுத்தது? சும்மான்னு பேரு வச்சா யாருக்குப் புரியும்? அத்தை, நீங்களே கேளுங்க."

முதலாளியம்மா அந்தச் சீட்டைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று முதலில் தெரியவில்லை. இரண்டும்தான்.

"நான்தான் மாப்பிள்ளை," என்றார். "ஆன்லைன் ஆரம்பிச்ச புதுசுல ஒரு நாள் கீழே போனேன். ஒத்தை ஒத்தையா மலை மாதிரி கிடந்துச்சு. இதை வச்சுக்கிட்டு என்ன பண்றது, தேவைப்படறவங்க யாருக்காவது சும்மா குடுத்துடுங்கன்னு அந்தப் புரோகிராமர்கிட்ட சொல்லிட்டு மேலே வந்துட்டேன். அவரு இவ்வளவு பண்ணுவாருன்னு எனக்குத் தெரியாது. சொன்னதையே மறந்துட்டேன்." அவர் எழுந்து சுவரோரம் நின்றவரைப் பார்த்தார். "அண்ணே, நான் சொன்ன வேலையைத்தான் நீங்க ஏழு வருஷமா செஞ்சிருக்கீங்க. அதுக்கு உங்களை இங்க நிக்க வச்சுட்டோம். மன்னிச்சுக்கங்க. சாவியை எடுத்துக்கங்க."

கிடங்கண்ணன் சாவியைப் பார்க்கவில்லை. நாலு நாளாக அவர் கண் தேடிக்கொண்டிருந்தது வேறு ஒன்றை, அது சாவிக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் பைக்குள் உட்கார்ந்திருந்தது. குனிந்து பையைத் திருப்பி அடிப்பக்கத்து எண்ணைப் படித்தார்.

"இடது எட்டு," என்றார். "பழுப்பு. இதை யாரு மேலே கொண்டாந்தது?"

மாப்பிள்ளையின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். "அது... சாம்பிளுக்கு..."

"சீட்டு?"

"என்ன சீட்டு?"

"ஏழு வருஷத்துல அந்த ரேக்லேர்ந்து சீட்டு இல்லாம ஒரு செருப்பு வெளியே போனதில்ல," என்றார் கிடங்கண்ணன். குரலை உயர்த்தக்கூட இல்லை. ஹெட்போன் மெதுவாக இரண்டு காதையும் மாட்டிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார், தோள் மட்டும் குலுங்கியது.

அக்கா நோட்டில் "யாருடையதும் இல்லை" என்பதை அடித்தாள். "ஒரு கட்டம் இன்னும் பாக்கி இருக்கு," என்றாள். "சும்மாவைத் திரும்பப் போடணும்னா நாலாவது கட்டத்துல ஒரு ஆள் பேரு வேணும். இந்தத் தடவை பேரு இல்லாம போட மாட்டேன்."

"என் பேரை எழுதுங்க," என்றார் முதலாளியம்மா.

"கோவிச்சுக்காதீங்கம்மா. நீங்க சொல்லிட்டு மறந்தவங்க. தினமும் பாக்கற ஆள் பேருதான் எழுத முடியும்."

முதலாளியம்மா கோபித்துக்கொள்ளவில்லை. எல்லோரும் கிடங்கண்ணனைப் பார்த்தார்கள். அவர் செருப்பைப் பையிலிருந்து வெளியே எடுத்து, சட்டை முனையால் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாவி இன்னும் மேசை மேலேயே கிடந்தது. அக்கா ஹெட்போனின் தோளைத் தட்டினாள். "போடுங்க தம்பி. பேரை அப்புறம் பாத்துக்கலாம்." நாலாவது கட்டம் காலியாக இருக்கும்போதே அவள் சொன்ன முதல் சம்மதம் அது.

ஹெட்போன் மடிக்கணினியில் தட்டினார். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கீழே கிடங்கின் மூலையில் அந்தச் சின்னப் பிரின்டர் கரகரவென்று ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நிற்காமல் ஓடியது. நாலு நாள் தேங்கிய பதினோரு சீட்டும் ஒரே மூச்சில் வந்தன. கிடங்கண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டார். சட்டென்று சாவிக்கொத்தை அள்ளி இடுப்பில் மாட்டினார். ஒரு கையில் செருப்பு, மறு கையில் பழைய சீட்டு.

"பேப்பர் சிக்கிக்கும்," என்று சொல்லிக்கொண்டே படியில் இறங்க ஆரம்பித்தார். பாதியில் நின்று, கைப்பிடிக்கு மேலாகத் தலையை மட்டும் நீட்டினார்.

"யாருது யாருதுன்னு கேட்டீங்களே, எழுதிக்கங்கம்மா," என்றார். "என்னுது."